குட்டி ஆமை வளர்ப்பு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஆமை வளர்க்கிறோம் என்று தெரிந்துவிட்டால் போதும், காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரை யாராவது ஒருவர் சந்தேகத்தோடு போன் செய்வார். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். குட்டி என்று நான் சொல்வதெல்லாம் முட்டையிலிருந்து வந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் சல்காட்டா ஆமையை. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் வாழும் தரை ஆமை இது.

எங்க நிலத்துல மஞ்சக் கோடு போட்ட ஆமை ஒண்ணு கிடைச்சுது. பையன் வளக்கணும்னு அடம் புடிக்கிறான். வெச்சிக்கலாமா?

கூடாது. அது நட்சத்திர ஆமை. தமிழ்நாட்டின் வறண்ட முள்காடுகளும் புதர்க்காடுகளும்தான் அதன் சொந்த இடம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புலி, யானையோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். பிடித்து வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. “விலைக்கு வாங்கினோம்”, “தானா வந்துச்சு” என்பதெல்லாம் எடுபடாது.

எடுத்த இடத்திலேயே, பக்கத்துப் புதர் நிழலில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆமை வீட்டில் இருந்தால் பணம் சேரும் என்று நம்பி வாங்குகிறவர்களால்தான் இந்தக் கடத்தலே நடக்கிறது. பணம் சேர்வது கடத்துகிறவனுக்கு மட்டும்.

அப்போ சல்காட்டா மட்டும் சட்டப்படி சரியா?

வைத்திருக்கலாம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். சல்காட்டா வெளிநாட்டு இனம். இருந்தாலும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் விலங்குகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விற்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். “அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்” என்று பதில் வந்தால் அங்கே வாங்க வேண்டாம்.

தொட்டியில தண்ணி ஊத்தி அதுல விடணுமா?

விட்டால் மூழ்கிச் செத்துவிடும். கண்ணோரம் சிவப்புக் கோடு உள்ள பச்சை ஆமையைத்தான் தண்ணீரில் வளர்ப்பார்கள். அது வேறு இனம், வேறு வளர்ப்பு. சல்காட்டாவுக்கு நீச்சல் தெரியாது.

கேரட், தக்காளி, வெள்ளரிக்கா வெச்சா நல்லாத்தானே சாப்புடுது? அதையே குடுக்கலாம்ல?

நன்றாகச் சாப்பிடுகிறது என்பதற்காக அது நல்ல சாப்பாடு ஆகிவிடாது. சல்காட்டாவின் குடல் புல்லுக்காகவே அமைந்தது. பின்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை மெல்ல நொதிக்கவைத்துச் சத்து எடுக்கின்றன. சர்க்கரை நிறைந்த கேரட்டும் பழமும் போனால் அந்த நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வயிறு உப்பும், கழிச்சல் போகும். வெள்ளரியில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் மூன்றையும் நான் கொடுப்பதே இல்லை.

தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லும் களைச்செடி இலைகளும் இருக்க வேண்டும். அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கட்டை இலை, வெட்டுக்காயப்பூண்டு, பூசணிக் கொடியின் இலை. குட்டியின் வாய் சிறியது என்பதால் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கிப் போடுங்கள். காய்ந்த புல் என்றால் நறுக்கியதும் தண்ணீர் தெளித்துப் பச்சை இலையோடு கலந்துவிடுங்கள். நெல் வைக்கோல் வேண்டாம், அதில் சத்தும் இல்லை, மெல்லவும் முடியாது.

நாங்க சத்துவாச்சாரில ஃபிளாட்டுல இருக்கோம். புல்லுக்கு எங்க போறது?

பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல் கட்டு கிடைக்கிறதே, அது போதும். வாங்கி வந்ததும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசிவிடுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் கோ-4 போன்ற தீவனப்புல் போட்டிருப்பார்கள். நுனிக் கொழுந்தாகக் கேட்டால் சும்மாவே தருவார்கள். பால்கனியில் இரண்டு தொட்டி செம்பருத்தியும், அகலமான தட்டில் அருகம்புல்லும் வைத்தால் ஒரு குட்டிக்குப் பாதி சாப்பாடு வீட்டிலேயே விளையும். பட்டுப்புழு வளர்ப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் முசுக்கட்டை இலைக்குக் கவலையே இல்லை. மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை: சப்பாத்திக்கள்ளி. மலையடிவாரம் முழுக்கக் கிடக்கிறது, சுண்ணாம்புச் சத்தும் தண்ணீரும் நிறைந்தது. பெரிய முள்ளை வெட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பொடிமுள்ளை அடுப்புத் தீயில் வாட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் அன்று முழுக்க விரலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சின்னத் துண்டு போதும், கூடினால் கழிச்சல் ஆகும்.

கீரைன்னா எல்லாம் நல்லதுதானே? தெனமும் அரைக்கீரையும் பாலக்கும் போடறேன்.

நமக்கு நல்லது, அதற்கு அப்படி இல்லை. பாலக், அரைக்கீரை, சிறுகீரை, பருப்புக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஓடும் எலும்பும் வளர்கிற வயதில் இதுதான் பெரிய நஷ்டம். எப்போதாவது ஒரு பிடி கலந்தால் தப்பில்லை. தினமும் வேண்டாம்.

முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து நிறைய, கூடவே புரதமும் நிறைய. வாரம் ஒரு தடவை போதும். அகத்தி, கடலைச்செடி, குதிரைமசால் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். முட்டைக்கோஸ் தொடர்ந்து கொடுத்தால் தைராய்டைப் பாதிக்கும்.

தயிர் சாதம், பிரெட், நாய் பிஸ்கட்?

வேண்டவே வேண்டாம். பாலும் தானியமும் இறைச்சிப் புரதமும் அந்தக் குடலுக்கு ஆகாது.

தோட்டத்துல மேய விட்டா எதைத் தின்னா ஆபத்து?

அரளிதான் முதல் எதிரி. எந்தத் தெருவிலும் வாசலுக்கு வாசல் நிற்கிறது, உதிர்ந்த இலையே ஆளைக் கொல்லும். எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம், அழகுக்கு வைக்கும் குரோட்டன்ஸ் எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே வையுங்கள். கத்திரி, தக்காளிச் செடிகளின் இலையும் விஷம்தான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையில் தோட்டத்தில் நட்டிருப்பவர்கள் அந்தப் பாத்தியைச் சுற்றி ஒரு வரிசைச் செங்கல் வைத்துவிடுங்கள்.

செடியைவிட நான் அதிகம் பயப்படுவது எறும்புப் பொடிக்கும் எலி மருந்துக்கும்தான்.

கால்சியம் பவுடர் வெளியூர்லருந்து வரவழைக்கணும்னு சொல்றாங்களே, வேற வழி இல்லையா?

நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். அது கணவாய் மீனின் உள் ஓடு, கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. ஒரு துண்டைக் கூண்டில் போட்டு வைத்தால் குட்டி தானாகவே சுரண்டித் தின்னும். தொடாத குட்டிக்கு அதையே பொடித்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு சிட்டிகை இலையின் மேல் தூவலாம். வேகவைத்துக் காயவைத்த முட்டை ஓட்டுப் பொடியும் உதவும். ஆனால் சுண்ணாம்பு உடம்பில் சேர டி3 வைட்டமின் வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். அடுத்த கேள்வி அதுதான்.

வேலூர் வெயில் போதாதா? அந்த யூவி பல்பு எதுக்கு?

போதும், தாராளமாகப் போதும். நேராக மேலே படும் வெயிலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு வரும், டி3 உண்டாக்கும் புற ஊதாக் கதிர் வராது. காலை 8 முதல் 10 மணிக்குள் அரை மணியோ முக்கால் மணியோ வெளியே விடுங்கள். பாதி இடத்தில் நிழல் கட்டாயம். வெளியே விட வழியே இல்லாத வீட்டுக்குத்தான் பல்பு, அதையும் கம்பெனி சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். எரிந்துகொண்டிருக்கும், ஆனால் அந்தக் கதிர் தீர்ந்துபோயிருக்கும்.

விடும்போது மேலே வலை போடுங்கள். காகம் குட்டியைக் கொத்தித் தூக்கிவிடும், பூனையும் கீரியும் விடாது.

பாலைவனத்து ஆமைக்கு ஈரம் எதுக்கு? காஞ்ச மண்ணுதானே அதுக்குச் சரி?

அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாலைவனம் வறண்டது என்பது சரி. ஆனால் குட்டி அந்த வெயிலில் நாள் முழுக்க நிற்பதில்லை. மண்ணுக்கடியில் வளை, புல் தூரின் அடி என்று ஒளிந்து கிடக்கிறது. அங்கே காற்று ஈரமாக இருக்கும். குட்டிகள் வளரும் காலமும் மழை பெய்து புல் முளைக்கும் காலத்தை ஒட்டியே வருகிறது.

வறண்ட இடத்தில் வளர்ந்த குட்டியின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்பாகப் புடைத்துக்கொண்டு வரும். புரதம் அதிகம் கொடுத்ததால்தான் இப்படி ஆகிறது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சல்காட்டா குட்டிகளையே வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் ஐந்து மாதம் வளர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. புரதத்தின் பங்கு சிறிது, காற்றின் ஈரப்பதத்தின் பங்குதான் பெரிது என்பது அதன் முடிவு.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். பங்குனி, சித்திரை மதியங்களில் வேலூர்க் காற்றில் ஈரமே இருக்காது. சென்னைக்காரர் கடல் காற்றில் திறந்த பெட்டியில் வளர்த்த குட்டி நன்றாக வந்தது என்றால், அதே பெட்டி இங்கே சரிவராது. சென்னை வீடியோவைப் பார்த்துக் கூண்டு செய்யாதீர்கள்.

சரி, ஈரமா வெக்கறது எப்படி? கூண்டு எப்படி செய்யணும்?

முதல் ஆண்டுக்கு நான்கடிக்கு இரண்டடி பெட்டி போதும். சுவர் உள்ளிருந்து வெளியே தெரியாதபடி இருக்க வேண்டும், மரமோ பிளாஸ்டிக்கோ எதுவும் சரி. மேலே முக்கால் பங்கு மூடுங்கள். மூடாவிட்டால் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் மதியத்துக்குள் ஆவியாகிவிடும். தரையில் நான்கு அங்குலம் தேங்காய் நார்த்தூள். முதலில் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி உப்பைப் போக்கிவிட்டுப் போடுங்கள். மணல் வேண்டாம், இலையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். டைல்ஸ் தரையும் வேண்டாம், கால் வழுக்கிக் கோணிப்போகும்.

தண்ணீரை மேலே தெளிப்பதைவிட மூலையில் ஊற்றுவது நல்லது. அடியில் ஈரம் பரவி மேல் பரப்பு காய்ந்திருக்கும். மேல் பரப்பும் ஈரமாகக் கிடந்தால் அடி ஓடு அழுகும். ஒரு மூலையில் கவிழ்த்த மண்சட்டியில் வாசல் உடைத்து வைத்தால் அதுதான் குட்டியின் வளை. காற்றின் ஈரம் 70 முதல் 80 சதவீதம் இருக்கட்டும். வெப்பமும் ஈரமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி, ஆமையின் உயரத்தில் வையுங்கள். கூரை உயரத்தில் மாட்டினால் கூரையின் கணக்குத்தான் தெரியும்.

வெப்பம் ஒரு பக்கம் 35 டிகிரி, மறுபக்கம் 27, 28 என்று இருந்தால் வேண்டிய இடத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். வெப்பப் பல்பு வைப்பவர்கள் சங்கிலியில் கெட்டியாகத் தொங்கவிடுங்கள். காய்ந்த நார்த்தூளில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

பழைய மீன் தொட்டி சும்மா கிடக்குது. அதுல வெச்சிக்கலாமா?

ஈரம் நிற்கும் என்பது மட்டும் நல்லது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போக முடியும் என்று நினைத்து நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். நாலு பக்கமும் வெளியே காகிதம் ஒட்டி வைக்கலாம். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பத்து நிமிஷத்தில் உள்ளே வெந்துவிடும்.

கத்திரி வெயில்ல என்னா செய்யறது? மாடியில விட்டு வளக்கறோம்.

மே மாதத்தில் இங்கே 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். மாடித் தளம் அதைவிடச் சுடும். குட்டியின் உடம்பு சின்னது, நிழல் இல்லாமல் சிக்கினால் ரொம்ப நேரம் தாங்காது. மாடி, தகரக் கொட்டகை, பால்கனி ஓரம் எதுவும் அந்த மாதத்தில் வேண்டாம். கீழ்த்தளத்தில் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள், வெப்பப் பல்பை அணைத்துவிடுங்கள், காலை வெயிலை 8 மணிக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். மலைப்பாறை சூட்டில் நம் ஊர் ராத்திரியும் புழுங்கும், அப்போதெல்லாம் மண்சட்டியின் மேல் ஈரக் கோணி போட்டால் போதும்.

வாயைத் திறந்து நுரை தள்ளினால் சூடு மீறிவிட்டது. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

மார்கழில சாப்புடாம தூங்கினே இருக்குது. குளிர்காலத் தூக்கமா?

சல்காட்டாவுக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. அது குளிரில் உடம்பு இயங்காமல் கிடக்கிறது. வேலூரிலேயே அந்த மாதங்களில் ராத்திரி குளிரும், ஏலகிரி, ஜவ்வாது மலை என்றால் சொல்லவே வேண்டாம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரல் சளி பிடிக்கும். அதனால் கூண்டு இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டரும், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வாங்குங்கள். கரண்ட் போனால் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி மூலையில் வைக்கலாம்.

தெனமும் தண்ணியில உக்கார வெக்கணுமா? வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி போவுது, அது என்னா?

முதல் ஆண்டில் தினமும். வெதுவெதுப்பான தண்ணீர், தாடை மூழ்காத ஆழம், 15 முதல் 20 நிமிஷம். குடிக்கும், கழியும், பிறகு துடைத்துக் கூண்டில் விடுங்கள். இது கூண்டில் தட்டில் வைக்கும் தண்ணீருக்குப் பதில் இல்லை, இரண்டும் வேண்டும்.

அந்த வெள்ளை யூரேட். தரை ஆமை தண்ணீரை மிச்சம் பிடித்துக் கழிவை இப்படித்தான் வெளியேற்றும். தயிர் பதத்தில் இருந்தால் சரி. மணல் போல நறநறவென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை. அப்படியே விட்டால் மூத்திரப்பையில் கல் கட்டும்.

ஓடு ஏற்கெனவே மேடு மேடா வந்துடுச்சு. தேங்காண்ணெ தடவினா சரியாகுமா?

எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. தூசி பிடிக்கும், வேறொன்றும் நடக்காது. வந்த புடைப்பு போகாது. ஈரத்தைச் சரிசெய்தால் கட்டங்களின் நடுவே புதிதாக வளரும் வெளுத்த பகுதி சமமாக வரும். ஓடு அழுத்தினால் அமுங்குகிறது என்றால் அது வேறு கதை. சுண்ணாம்பும் வெயிலும் இல்லாத குறை, உடனே டாக்டரிடம் போங்கள். பொரித்த சில வாரக் குட்டிக்கு மட்டும் ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஒத்தையா இருந்தா பாவம், ஜோடியா வாங்கலாமா?

அதற்குத் துணை தேவையில்லை. இரண்டு இருந்தால் ஒன்று மற்றதை அடக்கும். சண்டையே தெரியாது: பின்னாலேயே போகும், சாப்பாட்டின் மேல் உட்காரும், மற்றது ஒளிந்தே கிடக்கும். கொஞ்ச மாதத்தில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். ஜோடி என்று விற்பவர் சொல்வதும் கதைதான். ஓர் அடிக்கு மேல் வளரும்வரை ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

சரியா வளருதான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, குளிக்க வைப்பதற்கு முன் எடை போட்டு எழுதுங்கள். பொரித்த குட்டி 30, 40 கிராம்தான் இருக்கும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதில் போட்டி வேண்டாம், ஏறிக்கொண்டே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் ஏதோ சரியில்லை. கண்ணால் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

மூக்குல தண்ணி வருது. மாட்டு டாக்டர்கிட்ட காட்டினா போதுமா?

மூக்கில் நீர்க்குமிழி, மூச்சில் விசில் சத்தம், கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவது எல்லாம் சளி. முதலில் கூண்டுச் சூட்டை ஏற்றுங்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் தாராளமாகக் காட்டலாம். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: ஆடு, மாடு, நாய்க்குப் பூச்சி மருந்தாகப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். கை கால் விழுந்து இறந்துவிடும். ஆமை அதிகம் பார்க்காத டாக்டர் என்றால் இதை நினைவுபடுத்துவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முடியாத நிலையில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

வீட்டுல ரெண்டு வயசுக் கொழந்தை இருக்குது. தொட்டா ஏதாவது ஆவுமா?

ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குளிக்க வைக்கும் டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

எவ்ளோ பெருசா ஆகும்? வெக்க முடியலன்னா அமிர்தி காட்டுல வுட்டுடலாமா?

தரை ஆமைகளில் கலாபகோஸ், அல்டாப்ரா இரண்டுக்கும் அடுத்தபடி பெரிய இனம் இது. ஆண் 45 கிலோவைத் தாண்டும். ஆயுளும் மனிதரைப் போலவே நீளம். பத்து வயதில் சின்ன வாசல் கதவை முட்டித் திறக்கும், சுவரோரம் ஆள் நுழையும் அளவுக்குக் குழி தோண்டும். இரண்டு சென்ட் வெற்று நிலமாவது இல்லாதவர்கள் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. குட்டி அழகாக இருக்கிறது என்பதெல்லாம் இரண்டு வருஷம்தான்.

காட்டில் விடக்கூடவே கூடாது. வளர்ப்பு ஆமையின் நோய் அங்கே உள்ள நட்சத்திர ஆமைக்குத் தொற்றும், சட்டப்படியும் குற்றம். பதிவு செய்திருந்தால், இரண்டாவது பதிலில் சொன்ன அதே பரிவேஷ் தளம் வழியாகவே இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். பதிவே செய்யாமல் வைத்திருப்பவர்கள் மாவட்ட வன அலுவலகத்தில் போய் நேராகப் பேசுங்கள். ஆமை பெரிதாகும்வரை காத்திருந்து போவதைவிட இப்போதே போவது நல்லது.